கறுப்பு வந்தால்தான் நீலம்: திரும்பி வந்த பத்திக்கூண்டுகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. என் சின்ன நாத்தனார் ஸ்கூட்டியின் முன்னால் ஒரு அட்டைப்பெட்டியை இடுக்கிக்கொண்டு புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். பெட்டிக்குள் செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடி. திண்ணையில் இறக்கி வைத்த வேகத்தில் உள்ளே ஏதோ ஒன்று கிணுங்கியது.

"அண்ணி, நீங்கதான் ஒரு வழி சொல்லணும். பதினேழு பேர் வந்து கேட்டுட்டாங்க. காசைத் திருப்பிக் குடுக்கறதா வேணாமான்னு தெரியல."

அவள் மிஷன் வீதிப் பக்கம் ஒரு சின்ன பரிசுப்பொருள் கடை வைத்திருக்கிறாள். நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் 28 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பையன்கள் உடைத்த பியூரெட்டையும் பிப்பெட்டையும் ரிஜிஸ்டரில் எழுதுவதுதான் அந்த வேலையில் பாதி. அதனால் குடும்பத்தில் எந்தக் கண்ணாடி விரிசல் விட்டாலும் என் தலையில்தான் வந்து விழும். பழைய பழக்கத்தில் இதற்கும் ஒரு ரிஜிஸ்டர் போட்டேன். அதிலிருந்து எடுத்து எழுதியதுதான் இது.

விற்ற பொருளும் அதன் அட்டையும்

பொருளுக்குக் கடையில் வைத்த பெயர் பத்திக்கூண்டு. தடித்த கண்ணாடிக் குழாயைத் தீயில் வைத்து ஊதி, ஒரு சாண் உயரத்துக்குக் குடுவை போல வளைத்த உடல். உச்சியில் புகை போக ஒரு துளை, கீழே காற்று வர இரண்டு துளை. அடியில் சாம்பல் விழ ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம். ஊதுபத்தியையோ கம்ப்யூட்டர் சாம்பிராணியையோ உள்ளே ஏற்றி வைத்தால் புகை கண்ணாடிக்குள் சுருண்டு சுருண்டு மேலே போகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

செய்கிறவர் கடலூர் முதுநகர்ப் பக்கத்துத் தம்பி. பல வருடம் கண்டென்சர், ஃபிளாஸ்க், டி-ஜாயின்ட் என்று சிப்காட் கம்பெனிகளின் ஆய்வகங்களுக்குக் கண்ணாடி ஊதிக் கொடுத்தவர். அந்த வேலை குறைந்தபோது வீட்டுப் பின்கட்டில் ஆக்சிஜன் சிலிண்டரும் கேஸும் வைத்துக்கொண்டு கைவினைப் பொருள் பக்கம் திரும்பினார். கை சுத்தமான ஆள். அவர் ஒட்டிய இணைப்பில் விரலை ஓட்டினால் மேடு தட்டாது.

கூண்டு ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை தொங்கியது. "ஏற்ற ஏற்ற நிறம் மாறும் கைவினைக் கண்ணாடி" என்று அதில் அச்சடித்திருந்தது. எழுதியது நாத்தனார். இந்த ஆய்வில் குற்றவாளி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் கண்ணாடியை விட்டுவிட்டு அந்த ஒற்றை வரியைத்தான் காட்டுவேன்.

மார்கழியிலும் தையிலும் சேர்ந்து 48 கூண்டு விற்றது. மாசி பிறந்ததும் புகார்.

பதினேழு பேர், நாலு விதப் புகார்

ஒன்பது பேர் சொன்னது, நிறம் மாறவே இல்லை, சாதாக் கண்ணாடியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டீர்கள் என்று. மூன்று பேர் நேர் எதிர். மாறிவிட்டது, ஆனால் மாறியது அழுக்காக. வெள்ளிக் கொலுசு கறுத்தது போல ஆகிவிட்டது என்றார்கள். நான்கு பேருடையது விரிசல் விட்டிருந்தது. ஒரே ஒருவர், வில்லியனூர்க்காரர், "சாயம் போயிடுச்சு" என்று கொண்டுவந்திருந்தார்.

விற்ற அத்தனையும் ஒரே பட்டறைச் சரக்கு. மாறவில்லை என்பவரும் மாறிவிட்டது என்பவரும் ஒரே கடைக்குச் சண்டைக்கு வருகிறார்கள் என்றால், வித்தியாசம் பட்டறையில் இல்லை, வீட்டில் இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் அதற்கு முன்னால் கண்ணாடியில் என்னதான் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

வெள்ளி எங்கே போனது

ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துக் கடலூர் போனேன். தம்பி செய்து காட்டினார்.

கண்ணாடிக் குச்சியின் நுனியில் கடுகளவு வெள்ளியை ஒட்டவைத்துத் தீயில் காட்டுகிறார். வெள்ளி 961 டிகிரியில் உருகும். உருகினால் மட்டும் போதாது, ஆவியாக வேண்டும். ஆக்சிஜன் கலந்த தீயில் அந்தத் துளி பளபளவென்று கொதித்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு புகையாகக் கிளம்புகிறது. சுழற்றிக்கொண்டிருக்கும் சூடான உடலை அந்தப் புகையின் வழியில் காட்டுகிறார். சில நொடிதான். கண்ணாடியில் வெள்ளி படிந்துவிட்டது. மறுபடி தீயில் காட்டிப் பதியவைக்கிறார். அதிகம் காட்டினால் வெள்ளி பறந்துவிடும், குறைத்துக் காட்டினால் மேலோடு நின்றுவிடும். இந்த இடத்தில் கைப்பழக்கம்தான் பேசும். தங்கத்திலும் இதைச் செய்யலாம். அது இளஞ்சிவப்புக் காட்டும். தம்பி இரண்டே இரண்டு செய்துவிட்டு, கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்திவிட்டார்.

"முதல்ல வீட்டுக்காரம்மா பழைய கொலுசுத் துண்டுலதான் செஞ்சேன் மேடம்" என்றார். கொலுசு வெள்ளியில் செம்பு கலந்திருக்கும். இனிமேல் சுத்த வெள்ளிக் கம்பியே வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அந்தப் புகையை மூச்சில் இழுக்கக்கூடாது, தலைக்கு மேலே ஒரு உறிஞ்சு விசிறி போடுங்கள் என்றும் சொன்னேன். ஜன்னலில் ஒரு சாதா எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் அவர் முதுகுக்குப் பின்னால்.

இந்த வெள்ளிப்புகை வித்தை எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். அமெரிக்காவில் பாப் ஸ்னாட்கிராஸ் என்ற கண்ணாடிக் கலைஞர் 1980-களில் இதைப் பரப்பினார். அவர் செய்தவை புகைபிடிக்கும் குழாய்கள். பிடிக்கப் பிடிக்க நிறம் கூடும் குழாய் என்று அதற்கு அங்கே பெரிய பெயர். நம் ஊருக்கு வரும்போது அது பத்திக்கூண்டாகிச் சாமி அறைக்குள் நுழைந்துவிட்டது. நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது, "இத யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணி" என்றாள். சொல்லிவிட்டேன்.

கறுப்பு வேட்டியும் கண்மையும்

திரும்பி வந்தவற்றில் 'மாறவில்லை' ரகத்திலிருந்து ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். உருக்கிய நெய்யை ஒரு துளி கரைத்தது போல மெல்லிய மஞ்சள், அவ்வளவுதான். மேசையில் வைத்துப் பார்த்தால் அதுவும் இல்லை, தண்ணீர்க் கண்ணாடி.

வீட்டுக்காரர் சபரிமலைக்குக் கட்டிய கறுப்பு வேட்டி கொடியில் கிடந்தது. அதைச் சுருட்டிக் கூண்டின் வாய்க்குள் திணித்தேன். அடுத்த நொடி கண்ணாடி நீலமாகிவிட்டது. வெறும் நீலமில்லை, தோள்பக்கம் கருநீலம், வளைவில் ஊதா கலந்து, கீழே ஓரிடத்தில் பச்சை ஓடியது. வேட்டியை உருவினேன், மறுபடி தண்ணீர்க் கண்ணாடி. நாத்தனார் ஐந்து தடவை திணித்தும் உருவியும் பார்த்தாள்.

வேட்டி துணியாயிற்றே, புகைக்கு அது சாட்சியாகுமா என்று கேட்டால், அடுத்த சோதனை அதற்குத்தான். அம்மா கண்மை கூட்டுவது போல ஆமணக்கெண்ணெய் விளக்கை ஏற்றி, சுடர் நுனியின் கரி உட்பக்கம் படியும்படி இன்னொரு கூண்டைக் கவிழ்த்துப் பிடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கரி பிடித்த இடம் அப்படியே மயில்கழுத்து நிறம். பிடிக்காத இடம் பழையபடி. விரலில் பஞ்சைச் சுற்றித் துடைத்தால் நீலமும் கூடவே வந்துவிட்டது. பஞ்சில் இருந்ததோ கறுப்பு மட்டும்.

ஆக, கண்ணாடி நிறம் மாறவில்லை. நீலம் முதல் நாளிலிருந்தே அதில் இருக்கிறது. தெரிய விடாமல் செய்வது பின்னாலிருந்து வரும் வெளிச்சம்.

காரணம் சொல்கிறேன். படிந்த வெள்ளி மிக மிக நுண்ணிய துகள்களாக இருக்கிறது. அந்த அளவில் வெள்ளி தன் பளபளப்பை விட்டுவிட்டு வெளிச்சத்தோடு வேறு விதமாகப் பழகும். ஊதா, நீலப் பக்கத்து ஒளியைப் பிடித்து நிறுத்திக் கொஞ்சத்தைச் சிதறடிக்கும். மிச்சத்தை ஊடே விடும். ஊடே வருவது மஞ்சளாகத் தெரிகிறது, சிதறி நம் பக்கம் திரும்புவது நீலமாகத் தெரிகிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்: பக்கவாட்டில் நீலச் சாயல், நேர் எதிரில் மஞ்சள் சாயல். துகள் வேறு, கணக்கும் கொஞ்சம் வேறு, ஆனால் கண்ணுக்கு விஷயம் பிடிபட்டுவிடும். வெறும் கண்ணாடியில் பின்சுவரிலிருந்து வரும் வெளிச்சம் இந்த மெல்லிய நீலத்தை அமுக்கிவிடுகிறது. பின்னால் கறுப்பு வந்து அந்த வெளிச்சத்தை விழுங்கியதும் நீலம் தனியாக நிற்கிறது. மழை பெய்த தார் ரோட்டில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுவதும், அதே பெட்ரோல் சிமென்ட் தரையில் அவ்வளவாகத் தெரியாததும் ஞாபகம் வருகிறதா? அங்கேயும் நிறம் வரும் வழி வேறாக இருந்தாலும், எடுத்துக் காட்டும் வேலையைக் கறுப்புதான் செய்கிறது. மயில்தோகையிலும் மெலனின் என்ற கருநிறமி வேண்டும். அது இல்லாத வெள்ளை மயிலுக்கு அந்த நீலம் கிடையாது.

கண்ணாடியில் வெள்ளியும் தங்கமும் காட்டும் வேடிக்கை பழசு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 4-ம் நூற்றாண்டு ரோமானியக் கோப்பை ஒன்று இருக்கிறது, லைகர்கஸ் கோப்பை என்பார்கள். முன்னால் வெளிச்சம் பட்டால் பச்சை, உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு. அதிலும் தங்க, வெள்ளி நுண்துகள்கள்தான். ஐரோப்பாவின் தேவாலயக் கண்ணாடிகளில் 14-ம் நூற்றாண்டு முதல் வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சுட்டு மஞ்சள் வரவழைத்தார்கள். நம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரு இருதயப் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிகளை இப்போதெல்லாம் வேறு கண்ணோடு பார்க்கிறேன். பூசை நேரத்தில் அண்ணாந்து பார்த்து அசடு வழிந்ததும் உண்டு.

கொலுசு போலக் கறுத்துவிட்டது என்ற மூன்று பேரின் கவலையும் இதிலேயே தீர்ந்தது. வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால். அந்தக் கறுப்பு ஸ்பிரிட்டில் கரையாது. இவர்கள் கூண்டின் உட்பக்கம் சர்ஜிகல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்ததும் பழுப்புக் கஷாயமாக இறங்கிவந்தது. ஊதுபத்திப் புகையின் பிசுக்கு, வேறொன்றுமில்லை. (புதுச்சேரியில் ஸ்பிரிட் என்று மொட்டையாகச் சொன்னால் வேறு கடையைக் காட்டுவார்கள், மருந்துக்கடையில் கேளுங்கள். துடைத்தபின் நன்றாக உலர்ந்த பிறகே பத்தி ஏற்றுங்கள், அது தீப்பிடிக்கும் சரக்கு.)

ஒன்பது வீட்டில் ஏன் வரவில்லை

அந்த ஒன்பதில் ஆறு வீட்டுக்கு நேரில் போனேன்.

குருசுக்குப்பத்தில் கடலைப் பார்த்த மாடிவீடு. கூண்டு பால்கனியில். ஐந்து நிமிடம் நின்றதிலேயே தெரிந்துவிட்டது: கீழ்த்துளையில் கடற்காற்று புகுந்து புகையை உச்சித் துளை வழியாகத் துரத்துகிறது. சுவரில் படிய நேரமே இல்லை. கூடத்து மூலைக்கு மாற்றச் சொன்னேன். இரண்டு வாரத்தில் போன் வந்தது, நீலம் எட்டிப்பார்க்கிறதாம்.

முத்தியால்பேட்டையில் இரண்டு வீடு, இரண்டிலும் பத்தியில்தான் விஷயம். பத்தி இரண்டு வகை. மரத்தூள், பிசின், வாசனைப் பொருள் எல்லாம் ஜிகட் என்ற பசைப் பொடியோடு பிசைந்து உருட்டுவது மசாலா பத்தி. கரித்தூளை உருட்டிக் காயவைத்துப் பிறகு சென்ட்டில் தோய்ப்பது மற்றொன்று. மலிவாகக் கிடைப்பதில் நிறைய இதுதான். கரி ஏற்கெனவே எரிந்து தாரை இழந்த பொருள். அதிலிருந்து வரும் பிசுக்கு குறைவு. மசாலா பத்தியிலும் சாம்பிராணியிலும் பிசின் உண்டு; குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் பழுப்பாகப் படிந்துவிடும். அந்த இரண்டு வீட்டிலும் கரிப்பத்தி. உள்ளே லேசான சாம்பல் பூச்சு இருந்தது, பிசுக்கு இல்லை. ஆசிரமத்திலும் ஆரோவில்லிலும் பத்தி செய்யும் ஊரில் இருந்துகொண்டு இதைக்கூடக் கவனிக்காமல் விட்டோமே என்று நாத்தனாருக்கு வருத்தம்.

ஆனால் மிச்சம் மூன்று வீடுகளில் காற்றும் இல்லை, கரிப்பத்தியும் இல்லை. மூடிய பூஜையறை, மசாலா பத்தி, நாள் தவறாமல் இரண்டு வேளை. கண்ணாடி மட்டும் கடையில் வாங்கியபோது இருந்ததைவிடப் பளிச்சென்று இருக்கிறது. குயவர்பாளையத்தில் ஒரு அம்மாவிடம்தான் விடை கிடைத்தது.

"எப்படிம்மா இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க?"

"வியாழக்கிழமை சாயந்திரம் குத்துவிளக்கு தேய்க்கறப்பவே இதையும் தேச்சுடுவேன். வெள்ளிக்கிழமை சாமிக்கு அழுக்கா வைக்க முடியுமா?"

நான் ரிஜிஸ்டரை மூடிவிட்டுக் காபி குடித்தேன். வேறென்ன செய்வது? இந்தப் பொருள் தன் வேலையைச் செய்ய அழுக்கு வேண்டும், வாரக்கணக்கில், கழுவாமல். நம் பூஜையறையிலோ கழுவாமல் இருக்க எந்தப் பொருளுக்கும் அனுமதியில்லை. விளக்கு, மணி, தூபக்கால், பஞ்சபாத்திரம் எல்லாம் வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்த்தாக வேண்டும். கரி என்றால் சீதேவி தங்காத இடம் என்று கேட்டு வளர்ந்தவர்களிடம் "ஏற்ற ஏற்ற நிறம் மாறும்" என்று மட்டும் எழுதி விற்றால், அவர்கள் ஏற்றவும் செய்வார்கள், தேய்க்கவும் செய்வார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கிய நாயனார் வாழ்ந்த திருக்கடையூர் இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. புகை போடுவதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். புகை விட்டுப்போன தடத்தைப் பார்த்து ரசிப்பதுதான் நமக்குப் புதுசு.

நேரில் போகாத மூன்று பேருக்குப் போன் செய்தேன். இரண்டு பேர் வாராவாரம் தேய்க்கிறவர்கள். ஒருவர் வாங்கியதிலிருந்து ஏற்றவே இல்லை. ஷோகேஸில் வைத்துவிட்டு மாறவில்லை என்கிறார்.

வில்லியனூர்க்காரரின் 'சாயம் போன' கூண்டும் இதே கதையின் மறுமுனைதான். கம்பி ஸ்கிரப்பரும் பாத்திரப் பவுடரும் போட்டு வெளிப்பக்கத்தை அரக்கித் தேய்த்திருக்கிறார்கள். தம்பி வெள்ளியைப் படியவிடுவது வெளிப்பக்கத்தில். அந்தக் கூண்டில் அது சரியாகப் பதியவில்லை, ஸ்கிரப்பரோடு போய்விட்டது. கறுப்பு வேட்டியைத் திணித்தால் கீறல் கீறலாகத்தான் நீலம். தேய்த்தவர் பாதி, பதியவைக்காதவர் பாதி. மாற்றிக் கொடுத்தோம். டெரகோட்டாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். கைவினைப் பொருள் தேய்ந்தால் கேள்வி கேட்கத்தானே செய்வார்கள்.

விரிசல்

உண்மையில் கவலைப்பட வேண்டியது இந்த நான்குதான். நிறம் தெரியாவிட்டால் காசு நஷ்டம். தணலோடு கண்ணாடி பிளந்தால் கை வெந்துபோகும்.

மூன்றில் உடல் நன்றாக இருந்தது. அடிக்கிண்ணம் மட்டும் இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்று வீட்டிலும் ஏற்றியது கப் சாம்பிராணி அல்லது அடுப்புக்கரித் தணல். செக்கச்செவேலென்று தணல் தெரிகிறதென்றால் 600 டிகிரிக்கு மேலே என்று வைத்துக்கொள்ளலாம். ஆய்வகக் கண்ணாடியே ஆனாலும் தணலை நேராக வைப்பது தப்பு. இருந்தாலும் மூன்றும் கிண்ணத்திலேயே போனது ஏன்?

தம்பியிடம் கேட்டேன். "கிண்ணம் நான் செய்யறதில்ல மேடம். வியாபாரி ஒருத்தர்கிட்ட ரெடிமேடா வாங்கறேன். போரோன்னுதான் சொன்னாரு."

போரோ என்றால் போரோசிலிகேட். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் ஓட்டோ ஷாட் கண்டுபிடித்த கண்ணாடி. மணலோடு சுமார் 13 சதவீதம் போரிக் ஆக்சைடு சேர்ந்தது. ஜன்னலும் பாட்டிலும் சோடா கண்ணாடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சூட்டில் தெரியும். பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு நூறு டிகிரி சூடு ஏற்றினால் போரோ 0.033 மில்லிமீட்டர் நீளும், சோடா 0.09 மில்லிமீட்டர் நீளும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தணல் இருக்கும் இடம் நீண்டு, ஓரம் நீளாமல் இழுத்துப் பிடித்தால், பட்.

எது எது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சமையலறை எண்ணெய் போதும். ஒரு பொருளுக்குள் நுழையும் வெளிச்சம் எவ்வளவு வளைகிறது என்று சொல்வது ஒளிவிலகல் எண். எண்ணெய்க்கும் கண்ணாடிக்கும் அது ஒன்றாக இருந்தால் கண்ணாடியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. போரோவுக்கு 1.47, சமையல் எண்ணெய்க்கும் ஏறக்குறைய அதே 1.47, சோடா கண்ணாடிக்கு 1.52. நல்லெண்ணெயின் நிறம் கண்ணை ஏமாற்றும் என்று ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெயை பீக்கரில் ஊற்றி, உடைந்த உடல்துண்டு ஒன்றைப் போட்டேன். காணாமல் போய்விட்டது. ஸ்பூனால் துழாவினால்தான் இருப்பது தெரிகிறது. கிண்ணத் துண்டைப் போட்டேன். விளிம்பு விளிம்பாக அப்படியே தெரிந்தது. மூன்று கிண்ணமும் சோடா.

தம்பிக்கு இது தெரியாமல் போனது அவர் திறமைக் குறைவால் அல்ல. தீயில் காட்டியிருந்தால், அது சீக்கிரம் இளகுவதையும் மஞ்சள் சுடர் எகிறுவதையும் பார்த்து அந்த நிமிடமே கண்டுபிடித்திருப்பார். கிண்ணத்தை அவர் தீயிலேயே காட்டவில்லை, வாங்கி அடியில் வைத்தார். வியாபாரியிடம் கேட்டபோது அவர் தனக்கு மேலே ஒருவரைக் கை காட்டினாராம். அதற்கு மேல் நான் துரத்தவில்லை.

நாலாவதில் உடலே போயிருந்தது, கழுத்து இணைப்பில். எண்ணெயில் போட்டால் போரோதான். ஊதிய கண்ணாடியை 560 டிகிரியை ஒட்டி உலையில் ஊறவைத்து மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். பட்டறையில் அனீலிங் என்பார்கள். அவசரமாக ஆறினால் உள்ளே இறுக்கம் நின்றுவிடும், என்றைக்கு வேண்டுமானாலும் விடும். கடையில் மிச்சமிருந்த 12 கூண்டையும் இதற்காகச் சோதித்தோம். லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து, அதன் முன்னால் கூண்டைப் பிடித்து, போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகத் தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். இறுக்கமில்லாத கண்ணாடியும் கூடவே இருளும். இறுக்கம் உள்ள இடம் மட்டும் வெளிறி மின்னும். இரண்டு கூண்டின் கழுத்தில் அப்படி மின்னியது. தேதியைப் பார்த்தால் உடைந்ததும் இவை இரண்டும் ஒரே நாள் சரக்கு. அன்றைக்கு உலை நடுவில் கரண்ட் போனது தம்பிக்கு ஞாபகம் இருந்தது. மறுபடி உலையில் வைத்து எடுத்தார், இப்போது மின்னவில்லை.

கடைக்காரப் பிள்ளைகள் கூலிங் கிளாஸோடு தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கண்ணாடி பார்ப்பது வாடிக்கையாளர்களுக்குத் தனி வேடிக்கையாகிவிட்டது.

புது அட்டை

விரிசல் விட்ட நாலு பேருக்கும் முழுக்காசு. அதில் நாத்தனாரும் நானும் விவாதிக்கவே இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தை நிறுத்தியாயிற்று. இப்போது வில்லியனூர் சுடுமண் கிண்ணம் போகிறது. பார்வைக்கும் அதுதான் நன்றாயிருக்கிறது என்பது என் கட்சி. தணலும் கப் சாம்பிராணியும் கூடாது என்று தனியாக எழுதினோம்.

அட்டை வாசகத்துக்குத்தான் சண்டை. நாத்தனாருக்கு "அரிக்கமேடு மரபில்" என்று போட ஆசை. அரியாங்குப்பம் ஆற்றங்கரையின் பழந்துறைமுகம் அரிக்கமேடு நமக்குப் பெருமைதான். 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார், அவருக்குப் பின்னால் கசால், அப்புறம் விமலா பெக்லி. கண்ணாடி மணி அங்கே கொட்டிக் கிடந்தது. ஆனால் அது உருக்கிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிய மணி. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் அந்த வகை வேலை நம் காலம் வரை வந்திருக்கிறது. இங்கே இருப்பது ஜெர்மன் வழிக் கண்ணாடி, அமெரிக்க வழி வெள்ளிப்புகை, சிப்காட் வழிக் கைப்பழக்கம். மூன்றையும் விட்டுவிட்டு இரண்டாயிரம் வருடத்துக்கு ஏணி போடக்கூடாது என்றேன். "உங்களால ஒரு விளம்பரம்கூட ஒழுங்கா எழுத முடியாது அண்ணி" என்றாள். கடைசியில் அச்சானது இது:

"இந்தக் கண்ணாடியில் வெள்ளிப் படலம் இருக்கிறது. உட்புறம் புகைப்பிசுக்கு படியப் படிய நீலம் தெரியும். கழுவினால் நீலம் மறையும். மறுபடி ஏற்றினால் மறுபடி வரும். வெளிப்புறத்தை மெல்லிய துணியால் மட்டும் துடைக்கவும். ஜன்னலைத் திறந்து வைத்து ஏற்றவும்."

கடைசி வரி என் பிடிவாதம். கண்ணாடிச் சுவரில் படிகிற அந்தப் பழுப்பு மூச்சோடு போனால் நுரையீரலில்தான் படியும். சிறு பிள்ளைகளும் வீசிங் உள்ளவர்களும் இருக்கும் அறையில் ஏற்றவே வேண்டாம் என்று கடையில் வாயாலும் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்பது பேரில் ஏழு பேர் கறுப்பு வேட்டி வித்தையைப் பார்த்துவிட்டுக் கூண்டைத் திரும்ப எடுத்துப் போனார்கள். இரண்டு பேர் காசை வாங்கிக்கொண்டார்கள். குயவர்பாளையத்து அம்மா இன்னொன்றும் வாங்கினார். ஒன்று பூஜையறைக்கு, வாராவாரம் தேய்க்க. மற்றொன்று கூடத்துக்கு, அதில் யாரும் கை வைக்கக்கூடாதாம்.

ஒப்பிட்டுப் பார்க்க நானும் ஒரு கூண்டு எடுத்து வைத்திருந்தேன். மாதிரி எண் 3. தினம் ஒரு மசாலா பத்தி, ஒரே இடம், ஒரே நேரம். வாரம் ஒரு போட்டோ. மூன்றாம் வாரம் தோளில் சாம்பல் நீலம், ஐந்தாம் வாரம் இடுப்பு வரை இறங்கியது, ஆறாம் வாரம் ஊதா தலைகாட்டியது. ஏழாம் வாரப் போட்டோ எடுக்க வெள்ளிக்கிழமை காலை கூண்டைத் தேடினால், குத்துவிளக்குப் பக்கத்தில் பளிங்கு போல நிற்கிறது. சந்தனப் பொட்டு வேறு.

"ஏழு வாரமா ஒரே கரியா கெடக்குது, காலேஜ்ல வேல பாத்தவ, கண்ணுக்குத் தெரியல?" என்றார் மாமியார்.

ரிஜிஸ்டரில் எழுதினேன்: மாதிரி எண் 3, வியாழன் மாலை, புளி. மறுபடி முதல் நாள்.